‘இந்தா, இங்க’ என்று விரல் நீட்டும் குழந்தைக்கு இடம் சொல்லக் கற்றுக்கொடுப்பது

போன மாதம் என் அம்மா மூக்குக் கண்ணாடிக் கூட்டை எங்கள் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் போன் செய்தார். எடுத்தது அக்கா மகன், மூன்றரை வயது. ‘என் கண்ணாடிக் கூடு அங்க இருக்கான்னு தேடிப் பாருய்யா’ என்றார். அவனும் போனைக் காதில் வைத்தபடியே வீடு முழுக்க ஓடிக் கண்டுபிடித்துவிட்டான்.

‘இருக்கு அம்மாச்சி!’

‘எங்கய்யா இருக்கு?’

‘இந்தா, இங்க.’

‘இங்கன்னா எங்க?’

‘இங்க அம்மாச்சி. இந்தா பாரு, இங்க!’

ஒரு கையில் போன். இன்னொரு கையின் விரல் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் சொருகிக் கிடந்த கூட்டை நேராகக் காட்டிக்கொண்டிருக்கிறது. அம்மாச்சி திரும்பவும் ‘எங்க’ என்று கேட்டதும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பொருள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும். அதைக் காட்டவும் தெரியும். ஆனால் தன் விரல் அம்மாச்சியின் கண்ணுக்குத் தெரியாது என்பதும், விரலுக்குப் பதிலாகச் சொல் ஒன்று வேண்டும் என்பதும் இன்னும் அவனுக்கு வரவில்லை.

நான் பாலர் வகுப்பு எடுப்பவள். மேலே, கீழே, உள்ளே, வெளியே, முன்னால், பின்னால், பக்கத்தில், நடுவில் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. பெரும்பாலான வீடுகளிலும் வகுப்புகளிலும் இதை எப்படிச் செய்கிறோம் என்றால், கையை உயர்த்தி ‘மேலே’, தாழ்த்தி ‘கீழே’ என்று பாட்டுப் போலச் சொல்லித் தருகிறோம், பிள்ளையும் அழகாகச் செய்துகாட்டும், வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அதில் தப்பில்லை, ஆனால் அங்கே கற்றது ஒரு அசைவை மட்டும்தான். அதே பிள்ளையிடம் ‘பந்து எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள், ‘அங்க’ என்றுதான் பதில் வரும்.

அடிப்படை விஷயம் ஒன்று இருக்கிறது. ‘பந்து’ என்பது ஒரு பொருளின் பெயர், ‘சிவப்பு’ என்பது அந்தப் பொருளிலேயே ஒட்டியிருக்கும் குணம், இரண்டையும் பந்தைக் காட்டியே சொல்லிக்கொடுத்துவிடலாம். ‘கீழே’ அப்படிப்பட்டதில்லை. பந்தை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு அது கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. எதற்குக் கீழே? நாற்காலிக்குக் கீழே. ஆக, இடம் சொல்ல எப்போதும் குறைந்தது இரண்டு பொருள் வேண்டும். ஒன்று நாம் தேடுவது, இன்னொன்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த, சுலபத்தில் நகராத ஒரு பொருள். இந்த இரண்டாவதை நான் அடையாளப் பொருள் என்று சொல்வேன். கண்ணாடிக் கூடு தேடும் பொருள், டிவி ஸ்டாண்டு அடையாளப் பொருள், ‘பின்னால்’ அந்த இரண்டையும் கட்டும் கயிறு. குழந்தைக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது அந்தக் கயிற்றை மட்டும் அல்ல, கட்டுவதற்கு ஒரு தூணைத் தேடிப் பிடிக்கும் பழக்கத்தையும்தான்.

‘இங்கே’, ‘அங்கே’ என்னும் சொற்களுக்கு அடையாளப் பொருள் பேசுகிறவரே. அதனால்தான் எதிரில் இருக்கும்போது அவை நன்றாக வேலை செய்கின்றன, போனில் செய்வதில்லை. (யாழ்ப்பாணத்துப் பேச்சில் கேட்பவரின் பக்கத்தைக் குறிக்க ‘உங்கை’ என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. நம் பக்கம் அந்த உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது.)

சரி, எந்த வயதில் எந்தச் சொல் வரும்? உள்ளே, மேலே, கீழே மூன்றும் முதலில் வரும், பக்கத்தில் என்பது அதை ஒட்டியே வரும், இரண்டு அடையாளப் பொருளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் நடுவில் என்பது கொஞ்சம் தாமதம், முன்னால் பின்னால் அதற்கும் பிறகு, இடது வலது கடைசி. இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள வரிசை இல்லை. ஜூடித் ஜான்ஸ்டன், டான் ஸ்லோபின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம், இத்தாலியம், செர்போ-குரோவேஷியம், துருக்கியம் பேசும், 2 வயதிலிருந்து 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் சோதித்து 1979இல் வெளியிட்ட ஆய்விலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான் வந்தது. அதில் எனக்குப் பிடித்த சேதி ஒன்று உண்டு. துருக்கியத்தில் இந்த இடச்சொற்கள் தமிழைப் போலவே பெயருக்குப் பின்னால் வருபவை, அந்தக் குழந்தைகள் இவற்றை ஆங்கிலக் குழந்தைகளைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். பெயரின் வாலில் நிற்கும் சொல் குழந்தையின் காதில் நன்றாக விழும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ‘மேசைக்குக் கீழே’ என்னும்போது நமக்கும் ‘கீழே’தான் கடைசியில் ஒலிக்கிறது.

ஆனால் தமிழில் ஒரு சிக்கலும் இருக்கிறது, இதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. நாம் ‘கீழே’ என்பதை இரண்டு பொருளில் புழங்குகிறோம். ‘அதைக் கீழே வை’ என்றால் தரையில் வை என்று அர்த்தம். ‘மேசைக்குக் கீழே வை’ என்றால் வேறு. என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, ‘பொம்மைய ஸ்டூலுக்குக் கீழ வை’ என்றால் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் முதலில் அவளுக்குச் சொல் தெரியவில்லை என்று நினைத்தேன். அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, வீட்டில் தினம் ஐம்பது முறை கேட்கும் ‘கீழே’யைத்தான் அவள் செய்துகாட்டினாள். அவள் கேட்காமல் விட்டது ‘ஸ்டூலுக்கு’ என்பதை. அன்றிலிருந்து நான் அந்த ‘க்கு’வைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுவேன், ஸ்டூலைக் கையால் தட்டிக்கொண்டே சொல்லுவேன். இரண்டே நாளில் சரியாகிவிட்டது. தரையைக் குறிக்கும்போது ‘தரையில வை’ என்றே சொல்லப் பழகிக்கொண்டால் குழப்பம் இன்னும் குறையும்.

‘மேலே’க்கும் இதே கதைதான். ‘மேசை மேல் புத்தகம்’ என்றால் தொட்டுக்கொண்டு இருக்கிறது. ‘மேசைக்கு மேலே ஃபேன்’ என்றால் தொடாமல், உயரத்தில் இருக்கிறது. ஒரு ‘க்கு’வை வைத்துக்கொண்டு தமிழ் எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறது பாருங்கள்! இதை இலக்கணமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், மூன்று வயதில் அது தேவையும் இல்லை. நாம் பேசும்போது சரியாகப் பேசினால் போதும், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதேபோல ‘அடியில்’ என்றொரு நல்ல சொல் இருக்கிறது. தலையணைக்கு அடியில் என்றால் அமுங்கிக் கிடக்கிறது, டப்பாவின் அடியில் என்றால் உள்ளே ஆழத்தில் கிடக்கிறது. இடுக்கு, ஓரம், மூலை, முனை, எதிரே, சந்தில்... எல்லாம் வீட்டிலேயே புழங்கும் சொற்கள், பாடப் பட்டியலில் இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

(தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்கு உரிய இடச்சொற்கள் என்று 19 சொற்களை அடுக்குகிறது: கண், கால், புறம், அகம், உள் என்று தொடங்கி, கீழ், மேல், பின், முன், இடை, தலை வழியாக வலம், இடம் என்று முடியும். கண், கால், தலை மூன்றும் உடம்பின் உறுப்புகள் என்பதை வகுப்பில் நிற்கும்போது நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.)

உடம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டரை வயதுக் குழந்தையிடம் கரடிப் பொம்மையையும் பெட்டியையும் கொடுத்து ‘உள்ளே’ என்பதைவிட, ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அதற்குள்ளேயே ஏறி உட்காரச் சொல்லுங்கள். கட்டிலுக்குக் கீழே நுழையட்டும், கதவுக்குப் பின்னால் ஒளியட்டும், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் படுக்கட்டும். அது செய்துகொண்டிருக்கும் அந்த நொடியில் நாம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், ‘கட்டிலுக்குக் கீழ போயிட்டியா!’ என்று. கண்ணாமூச்சி விளையாட்டு இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும், கண்டுபிடித்ததும் ‘கண்டுபிடிச்சிட்டேன்’ என்பதோடு நிறுத்தாமல் ‘பீரோவுக்குப் பின்னாடி இருக்க!’ என்று இடத்தையும் சொல்லிவிட்டால் வேறு பாடமே வேண்டாம். உடம்புக்குப் பிறகு பொம்மை, பாத்திரம். படம் அதற்கும் பிறகு.

படத்தாளைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தாள் மேசையில் படுத்துக் கிடக்கிறது. ‘தாளின் மேலே வட்டம் போடு’ என்று நாம் சொன்னால் குழந்தைக்குத் தாளின் முகம் முழுவதுமே மேலேதான். நாம் மனதில் நினைப்பது குழந்தையின் நெஞ்சிலிருந்து தூரமாக இருக்கும் விளிம்பை. பெரியவர்களுக்குப் பழகிப்போன இந்த ஏற்பாடு நாலு வயதுக்கு வெகு விசித்திரம். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கேட்டால் அதே குழந்தை சட்டென்று சரியாகப் போடும். முதல் சில வாரங்களுக்குத் தாளையோ சிலேட்டையோ செங்குத்தாக வைத்தே வேலை கொடுங்கள்.

தெரிந்துவிட்டதா என்று சோதிப்பதில் ஒரு பொறி உண்டு, நானும் பல வருடம் அதில் விழுந்திருக்கிறேன். டம்ளரையும் கோலிக்குண்டையும் கொடுத்து ‘உள்ள போடு’ என்றால் ஒன்றரை வயதுக் குழந்தையும் போட்டுவிடும், நாம் கைதட்டுவோம். ஆனால் ‘டம்ளருக்குப் பக்கத்துல வை’ என்றாலும் அது உள்ளேதான் போடும். ஈவ் கிளார்க் என்ற மொழியியலாளர் 1973இல் காட்டியது இதைத்தான்: சின்னக் குழந்தைகள் எதிரில் இருப்பது குழிவான பொருள் என்றால் உள்ளே போடுகிறார்கள், தட்டையான பரப்பு என்றால் மேலே வைக்கிறார்கள், நாம் என்ன சொல் சொன்னோம் என்பது அப்புறம்தான். ஆகவே பொருள் தானாகச் சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் கேட்க வேண்டும். டம்ளருக்கு வெளியே, டம்ளருக்கு அடியில், கவிழ்த்த டம்ளரின் மேல். இன்னொன்று, கேட்கும்போது நம் கண் அந்த இடத்தைப் பார்க்கக்கூடாது. பிள்ளைகள் நம் கண்ணைப் படித்துவிடுவார்கள்.

சொன்னதைச் செய்வது ஒரு படி. தானே சொல்வது அதற்கு அடுத்த படி, அதற்குப் பல மாதம் ஆகும். அந்தப் படியில் ஏற்றுவதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழி, வேலையை மாற்றிக்கொள்வது: குழந்தை ஏவட்டும், நாம் செய்வோம், சொன்னதை மட்டும் செய்வோம். கண்ணாடிக் கூடு கதை நடந்த அன்று சாயங்காலமே அவனை அடுப்படியில் உட்காரவைத்து ஆரம்பித்தேன். தரையில் ஒரு சில்வர் தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு எலுமிச்சம்பழம்.

‘சித்தி, கரண்டிய வை.’

‘எங்க வைக்க?’

‘அங்க.’

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ‘சித்திக்குக் கண்ணு தெரியலையே. எங்க வைக்க?’

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ‘மேல’ என்றான்.

கரண்டியை என் தலையில் வைத்துக்கொண்டேன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ‘அது மேல இல்ல! தட்டு மேல!’

அந்தத் ‘தட்டு’தான் நான் காத்திருந்த சொல். யாரும் கேட்டு வாங்கவில்லை, பாராட்டுக்காகவும் வரவில்லை, சொல்லாமல் விட்டால் கரண்டி தப்பான இடத்துக்குப் போகிறது என்பதால் வந்தது. குழந்தை இடச்சொல்லைக் கற்பது அது இல்லாமல் காரியம் நடக்காத போதுதான். நாமோ அது விரலை நீட்டும் முன்பே ஓடிப்போய் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். நாள் முழுக்க ‘அந்த இத எடு’, ‘அங்க வை’ என்றே பேசிக்கொள்கிறோம். ‘ஃபிரிட்ஜ்ல, கீழ்த் தட்டுல, தயிருக்குப் பின்னாடி கொத்தமல்லி இருக்கு, எடுத்துட்டு வா’ என்று ஒரு முறை நிதானமாகச் சொல்லி அனுப்புங்கள். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்து நடுக்கிண்ணத்தில் என்ன, கடுகுக்குப் பக்கத்தில் என்ன என்று சமைத்துக்கொண்டே கேளுங்கள். தப்பாகச் சொன்னால் ‘தப்பு’ என்று வெட்ட வேண்டாம், ‘ஓ, வெந்தயத்துக்குப் பக்கத்துல இருக்கா’ என்று சரியான முழு வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னால் போதும்.

முன்னால், பின்னால் ஏன் கஷ்டம் என்றால், சில பொருளுக்கு முகம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. நாய், பஸ், டிவி, பீரோ இவற்றுக்கு முன்பக்கம் எது என்பதில் சந்தேகமே இல்லை. வீட்டுக்கும் வாசல் பக்கம், கொல்லைப் பக்கம் என்று உண்டு. இவற்றில் முதலில் பழக்குங்கள். மரம், தூண், டம்ளர் ஆகியவற்றுக்கு முகம் இல்லை. ‘மரத்துக்கு முன்னால் நில்’ என்றால் நாம் நினைப்பது மரத்துக்கும் நமக்கும் நடுவில். அது ஒரு வழக்கம், அவ்வளவுதான். மேற்கு ஆப்பிரிக்காவின் ஹவுசா மொழியில் மரமும் நாம் பார்க்கும் திசையையே பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்வதால், மரத்துக்கு அப்பால் இருப்பதை ‘முன்னால்’ என்பார்கள். பெரியவர்களே மொழிக்கு மொழி மாற்றிச் சொல்லும் விஷயத்தில் நாலு வயதுப் பிள்ளை தடுமாறினால் திட்டாதீர்கள். போதாததற்கு ‘சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவு’ என்று அதே சொல்லை நேரத்துக்கும் பயன்படுத்துகிறோம்.

இடது வலதுக்கு அவசரமே வேண்டாம். தன் கையில் எது வலது என்பது பெரும்பாலும் 5, 6 வயதில் நிலைக்கும். எதிரில் நிற்பவரின் வலது கை எது என்பது அதற்கும் பிறகு வரும், பலருக்கு 8 வயது வரை இழுக்கும். ‘சோத்துக் கை’ என்று சொல்லிக்கொடுப்பது சுலபம்தான், ஆனால் இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு அது குழப்பம், மற்ற கைக்கு ஊரில் சொல்லும் பெயரோ அந்தப் பிள்ளையின் மனதை நோகடிக்கும், அதனால் நான் இரண்டையும் தவிர்க்கிறேன். வலது மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டிவிட்டாலே போதும். கோவிலுக்குப் போகும் குடும்பம் என்றால் வலம் வருவது அருமையான பயிற்சி: சுற்றி முடிக்கும் வரைக்கும் சாமி கயிறு கட்டிய கைப் பக்கமே இருக்கும்.

இடது வலது இல்லாமலே காலம் தள்ளுகிறவர்களும் நம்மில் உண்டு. ஊர்ப்பக்கம் ‘தெக்கால நகர்த்து’, ‘மேலப் பக்கம் வை’ என்று சாமானைக்கூடத் திசை சொல்லி நகர்த்துவார்கள். எரிக் பீடர்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மதுரை வட்டாரத்தில் பார்த்து எழுதியதும் இதுதான், கிராமத்தார் திசையிலும் நகரத்தார் இடது வலதிலும் சொல்கிறார்கள் என்று. கிழக்கு என்பதற்குள் கீழும், மேற்கு என்பதற்குள் மேலும் இருக்கின்றன, தமிழ்நாட்டு நிலமே மேற்கே மலையில் உயர்ந்து கிழக்கே கடலுக்குச் சரிவதுதான் காரணம். தாத்தா பாட்டி திசையில் பேசுகிற வீடு என்றால் விட்டுவிடுங்கள், பிள்ளைக்கு அது கூடுதலாக ஒரு வழி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நாலு வயதாகியும், கண்ணோ கையோ காட்டாமல் வாயால் மட்டும் சொன்னால் ‘உள்ளே’, ‘மேலே’ கூடப் பிடிபடவில்லை என்றால், பயிற்சி போதவில்லை என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி, காது சரியாகக் கேட்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

அக்கா மகனோடு இப்போது விளையாடுவது திரை விளையாட்டு. நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு அதன்மேல் போர்வையைத் தொங்கவிட்டுவிட்டு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், இருவரிடமும் அதே தட்டு, டம்ளர், கரண்டி, எலுமிச்சம்பழம். அவன் வைத்திருப்பதைப் போலவே நானும் வைக்க வேண்டும், அவன் சொல்லச் சொல்ல. பொதுவாக இது நாலரை, ஐந்து வயதுக்குத்தான் சரிவரும், அவன் அடம்பிடித்ததால் முன்னமே ஆரம்பித்தோம். போன ஞாயிற்றுக்கிழமை ‘எலுமிச்சம்பழம் டம்ளருக்குப் பக்கத்துல’ என்றான். வைத்தேன். போர்வையைத் தூக்கிப் பார்த்தால் என் பழம் டம்ளருக்கு ஒரு பக்கம், அவன் பழம் மறுபக்கம். இரண்டுமே பக்கத்தில்தான். அவன் என் தட்டையும் தன் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். இடது வலது அவனுக்கு இன்னும் தெரியாது. போர்வையை இறக்கிவிட்டு உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான், ‘அந்தப் பக்கம் இல்ல சித்தி, ஜன்னல் பக்கம்.’